சிக்னலில் தானே அணையும் எஞ்சின்: மிச்சம் யாருக்கு?

புதுக் கார் எடுத்தவர்களில் பலர் எஞ்சினைக் கிளப்பியதும் முதல் வேலையாக ஒரு பட்டனை அழுத்துகிறார்கள். 'ஏ' என்ற ஆங்கில எழுத்தைச் சுற்றி வளைந்த அம்புக்குறி போட்ட பட்டன். சிக்னலில் வண்டி நின்றதும் எஞ்சினைத் தானாக அணைத்து, கிளம்பும்போது தானாக எழுப்பும் ஸ்டார்ட்-ஸ்டாப் வசதியை முடக்குகிற பட்டன் அது. காசு கொடுத்து வாங்கிய வசதியைத் தினமும் காலையில் மெனக்கெட்டு அணைக்கிறார்கள். மறுநாள் வண்டியை எடுத்தால் அது திரும்பவும் முழித்துக்கொண்டு நிற்கிறது. மறுபடியும் பட்டன்.

இந்த எரிச்சல் ஒருமுறை அரசியலுக்கே வந்துவிட்டது. 2025 மே மாதம் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவர் லீ செல்டின், இது யாருக்கும் பிடிக்காத சமாச்சாரம், இதற்கு ஒரு வழி பண்ணப்போகிறோம் என்ற தொனியில் எக்ஸ் தளத்தில் எழுதினார். இதில் வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவில் இந்த வசதியைப் பொருத்தச் சொல்லி எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. 2012இல் வந்த விதிகள் ஒரு சலுகையை மட்டும் கொடுத்தன: ஸ்டார்ட்-ஸ்டாப் இருந்தால் காருக்கு மைலுக்கு 2.5 கிராம் வரை, பிக்கப் போன்ற பெரிய வண்டிகளுக்கு 4.4 கிராம் வரை கார்பன் டை ஆக்சைடு குறைந்ததாகக் கணக்கில் காட்டிக்கொள்ளலாம். அவ்வளவுதான். 2012 வாக்கில் அங்கே அபூர்வமாக இருந்தது, பத்து வருடத்துக்குள் புது வண்டிகளில் ஏறத்தாழ பாதிக்கு வந்துவிட்டது.

இந்தியாவிலும் விஷயம் பெரிதாக மாறவில்லை. ஒரு நிறுவனம் விற்கும் எல்லாக் கார்களின் சராசரி கார்பன் அளவுக்கும் வரம்பு வைக்கும் கஃபே விதிகள் 2017-18இல் தொடங்கின. 2022-23 முதல் அந்த வரம்பு கிலோமீட்டருக்கு 113 கிராம். வரம்பைத் தொடத் திணறும் நிறுவனங்களுக்குக் கைகொடுக்கச் சில தொழில்நுட்பங்களுக்குச் சலுகைக் கணக்கு உண்டு. டயர் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவி, 6 கியர், பிரேக் பிடிக்கும்போது மின்சாரம் சேர்க்கும் ஏற்பாடு இவற்றோடு ஸ்டார்ட்-ஸ்டாப்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆக, உங்கள் காரில் இது இருப்பதற்கு முதல் காரணம் உங்கள் பெட்ரோல் செலவு அல்ல. அதற்காக இது ஏமாற்று வேலை என்று சொல்லிவிட முடியாது. சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்கிற கருவிதான். அந்த வேலையால் வரும் மிச்சம் யார் பைக்குப் போகிறது என்பதில்தான் பேச்சே இருக்கிறது.

ஒரு சிக்னலுக்கு ஒரு ரூபாய்

1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் ஒன்று சூடான நிலையில், ஏசி இல்லாமல், வெறுமனே ஐடிலிங்கில், அதாவது வண்டி நகராமல் எஞ்சின் மட்டும், ஓடினால் மணிக்கு 0.6, 0.7 லிட்டர் குடிக்கும். 0.7 என்றே வைத்துக்கொள்வோம். நொடிக்கு 0.2 மில்லி. 60 நொடி சிக்னலில் 12 மில்லி. சென்னையில் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிவிட்டதால், ஒரு நீளமான சிக்னலில் எரிவது சுமார் ஒரு ரூபாய் இருபது காசு.

"திரும்ப ஸ்டார்ட் பண்ணும்போது அதைவிட அதிகம் குடிக்குமே" என்பது இங்கே எல்லோரும் கேட்கும் கேள்வி. கார்புரேட்டர் காலத்து அம்பாசடருக்கும் பிரீமியர் பத்மினிக்கும் அது பொருந்தியிருக்கலாம். சோக்கை இழுத்து, ஆக்சிலரேட்டரை இரண்டு மிதி மிதித்து எழுப்பிய எஞ்சின்கள் அவை. இப்போதைய எஞ்சினில் கணினி அளந்துதான் எரிபொருளைத் தெளிக்கிறது. அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகம் இதை அளந்து பார்த்தது. சூடான எஞ்சினை மறுபடி எழுப்ப ஆகும் எரிபொருள், 10 நொடி ஐடிலிங்கில் ஆகும் அளவைத் தாண்டாது. நம் கணக்கில் 2 மில்லி. அதனால் 10 நொடிக்கு மேல் நிற்கப்போகிறோம் என்றால் அணைப்பது லாபம். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

அப்படியானால் வருடக் கணக்கு என்ன? சென்னையில் அண்ணா சாலை வழியாகவோ ஓ.எம்.ஆர். வழியாகவோ வேலைக்குப் போய்வருகிற ஒருவர், போக வர எல்லாச் சிக்னலையும் சேர்த்து நாளுக்கு 20 நிமிடம் நிற்கிறார் என்று வைப்போம். வருடத்தில் 300 நாள் என்றால் 100 மணி நேரம். 70 லிட்டர். ஏழாயிரம் ரூபாய்! விளம்பரத்துக்கு ஏற்ற கணக்கு. ஆனால் இது அந்த 20 நிமிடமும் எஞ்சின் அணைந்தே இருந்தால் வரும் தொகை. அது நம் ஊரில் நடக்காது.

சோதனைச்சாலையில் மே மாதம் கிடையாது

இந்தத் தொழில்நுட்பம் புதிதல்ல. எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு 1970களின் நடுவிலேயே டொயோட்டா தன் கிரவுன் காரில் இதைப் பொருத்திப் பார்த்தது. 1990களில் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஈகோமேட்டிக் என்று ஒரு கார் விட்டது. சீந்துவாரில்லை. 2004இல் சிட்ரோயன் சி3 வந்தது. 2007 வாக்கில் பிஎம்டபிள்யூ தன் கார்களில் வரிசையாகப் பொருத்த ஆரம்பித்தது. இந்தியாவில் மஹிந்திரா 2008 வாக்கிலேயே 'மைக்ரோ ஹைபிரிட்' என்ற பெயரில் பொலேரோவிலும் ஸ்கார்ப்பியோவிலும் கொண்டுவந்துவிட்டது.

முப்பது வருடம் ஓரமாகக் கிடந்த ஒரு கருவிக்குத் திடீரென்று வாழ்வு வந்தது ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் போட்ட விதியால். நிறுவனத்தின் சராசரி கிலோமீட்டருக்கு 130 கிராமைத் தாண்டினால் அபராதம். அது முழு அளவை எட்டும்போது தாண்டிய ஒவ்வொரு கிராமுக்கும், விற்ற ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ. ஒரு லட்சம் கார் விற்கும் நிறுவனத்துக்கு ஒரு கிராம் மிச்சமானால் 95 லட்சம் யூரோ மிச்சம். கொஞ்சம் பலமான ஸ்டார்ட்டர் மோட்டார், கொஞ்சம் நல்ல பேட்டரி, நாலைந்து சென்சார், மென்பொருள் இவ்வளவுதான் செலவு. இதைவிட மலிவாகக் கிராம்களைக் குறைக்க வேறு வழி அப்போது இல்லை.

அந்தக் கிராம்களை அளந்த முறையையும் பார்க்க வேண்டும். என்.இ.டி.சி. என்ற பழைய ஐரோப்பிய ஓட்டச் சோதனை 1,180 நொடி நீளம். அதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நேரம் வண்டி சும்மா நிற்கும். அறையில் இதமான வெப்பநிலை. ஏசி அணைத்திருக்கும். ஸ்டார்ட்-ஸ்டாப்புக்காகவே தைத்த சட்டை மாதிரியான சோதனை. 2017இல் அதற்குப் பதிலாக வந்த டபிள்யூ.எல்.டி.பி. முறையில் நிற்கும் நேரம் 13 சதவீதம் அளவுக்குச் சுருங்கியது. கருவியின் மவுசும் அந்த அளவுக்குக் குறைந்தது. நம் ஊரில் ஏ.ஆர்.ஏ.ஐ. (இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகம்) மைலேஜ் என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அந்த எண் இதுவரை வந்தது பழைய ஐரோப்பிய முறையில் உச்ச வேகத்தை மட்டும் 90 கிலோமீட்டராகக் குறைத்த இந்தியச் சோதனையிலிருந்து. அதிலும் நிற்கும் நேரம் தாராளம், ஏசி ஆஃப்.

பட்டனை இன்று அழுத்தினால் நாளை மறந்துபோவதற்கும் காரணம் இதுதான். சோதனையில் எந்த நிலையில் அளந்தார்களோ, வண்டி ஒவ்வொரு முறையும் அந்த நிலையில்தான் எழ வேண்டும். உங்கள் விருப்பத்தை நினைவில் வைத்துக்கொள்ள அதற்கு அனுமதி இல்லை.

சரி, இப்போது மே மாதம் மதியம் இரண்டு மணிக்குக் கத்திப்பாரா பக்கம் வருவோம். வெளியே 40 டிகிரி. சாதாரணப் பெட்ரோல் காரில் ஏசி கம்ப்ரசர் எஞ்சினோடு பெல்ட்டால் கட்டப்பட்டது. எஞ்சின் நின்றால் கம்ப்ரசரும் நிற்கும். ஊதுகிற ஃபேன் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் அரை நிமிடம், கூடினால் ஒரு நிமிடம் குளிர்ச்சியைப் பிடித்து வைத்திருக்கும். அதற்குப் பிறகு காயிலில் ஒட்டியிருந்த ஈரம் ஆவியாகிக் காற்றோடு திரும்ப உள்ளே வரும். சிக்னலில் நிற்கும்போது வென்ட்டிலிருந்து லேசான ஈர வாடையும் புழுக்கமும் வருகிறதே, அது இதுதான். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் இது இன்னும் கூடுதல். உள்ளே சூடு ஏறுவதைச் சென்சார் கவனித்துவிட்டால், சிக்னல் விழாமலே எஞ்சினை எழுப்பிவிடும். பல நேரம் அந்த அளவுக்கும் போகாது. வைத்த குளிருக்கும் உள்ளே இருக்கும் சூட்டுக்கும் வித்தியாசம் அதிகம் என்று தெரிந்தால் எஞ்சினை அணைக்கவே அணைக்காது.

இதிலொரு முரண் இருக்கிறது. ஏசி ஓடும்போது ஐடிலிங் செலவு மணிக்கு ஒரு லிட்டர் பக்கம் போய்விடும். அதாவது அணைத்தால் அதிக மிச்சம் கிடைக்கக்கூடிய நேரத்தில்தான் கருவி வேலை செய்ய மறுக்கிறது. சுசுகி 2012இல் ஜப்பானிய வேகன்-ஆர் காரில் இதற்கு ஒரு உபாயம் செய்தது. உறைந்து உருகும் பொருள் ஒன்றைக் கூலிங் காயிலுக்குள் வைத்து, எஞ்சின் ஓடும்போது குளிரைச் சேமித்து, நிற்கும்போது அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. நல்ல யோசனை. அந்த வேகன்-ஆர் ஓடிய டோக்கியோவைவிட மதுரைக்கு அது அதிகம் தேவை.

ஏசி மட்டும் காரணமல்ல. எஞ்சின் இன்னும் சூடாகவில்லை, பேட்டரி சார்ஜ் குறைவு, சீட் பெல்ட் போடவில்லை, ஸ்டியரிங் வளைந்திருக்கிறது, ஏற்றத்தில் நிற்கிறது என்று அணைக்காமல் இருக்க ஒரு நீண்ட பட்டியலே உண்டு. பிரேக்குக்குத் துணை செய்யும் வெற்றிடம் எஞ்சினிடமிருந்து வருவதால், நின்ற இடத்தில் பிரேக்கை நாலு தடவை அழுத்தி விட்டாலும் எழுந்துவிடும். மேனுவல் கியர் காரில் இன்னொன்று: நியூட்ரலில் போட்டுக் கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தால்தான் எஞ்சின் அணையும். நம்மில் பாதிப் பேர் சிக்னலில் முதல் கியரைப் போட்டுக் கிளட்ச்சை மிதித்தபடியே நிற்கிறவர்கள். அவர்கள் காரில் இந்த வசதி இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

பேட்டரிக் கடையில் தெரியும் செலவு

இத்தனையும் போக, நிற்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு எஞ்சின் உண்மையில் அணைந்திருந்தால் அதுவே நல்ல நிலைமை என்பது என் மதிப்பீடு. ஏழாயிரம் ரூபாய் இரண்டாயிரத்து முன்னூறு பக்கம் வந்துவிட்டது. கோடையில் இன்னும் இறங்கும். பைபாஸிலேயே ஓடுகிற, சொந்த ஊருக்குப் போகத்தான் வண்டி எடுக்கிற ஆளுக்கு இது பூஜ்யம்.

செலவுப் பக்கம் இருப்பது பேட்டரி. சாதாரணக் கார் பேட்டரி காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை செல்ஃப் அடிக்கப் பிறந்தது. சிக்னலுக்குச் சிக்னல் எஞ்சினை எழுப்பி, நடுவில் ஃபேன், விளக்கு, பாட்டு எல்லாவற்றையும் தாங்கினால் அது சீக்கிரமே படுத்துவிடும். அதனால் ஸ்டார்ட்-ஸ்டாப் காரில் ஈ.எஃப்.பி. என்ற வலுவூட்டிய ரகமோ, விலை கூடிய கார்களில் ஏ.ஜி.எம். ரகமோ இருக்கும். ஈ.எஃப்.பி.க்குச் சாதாரண பேட்டரியைவிடச் சில ஆயிரம் கூடுதல், ஏ.ஜி.எம்.முக்கு அதற்கும் மேல். நம் வெயிலில் பானட்டுக்குள் எந்த பேட்டரியும் நீண்ட நாள் தாங்குவதில்லை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை மூவாயிரம் ரூபாய் கூடுதல் என்று போட்டால், வருடத்துக்கு ஆயிரம் அங்கே போகிறது. மீதி ஆயிரத்து முன்னூறு. ஒரு டேங்கில் மூன்றில் ஒரு பங்கு நிரம்பும்.

ஜப்பானில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள் போலிருக்கிறது. அங்கே 2020இல் வந்த டொயோட்டா யாரிஸின் ஹைபிரிட் அல்லாத பெட்ரோல் கார்களில் ஐடிலிங் ஸ்டாப் கிடையாது. இது இல்லாமலே மைலேஜ் இலக்கை எட்ட முடிந்தால் எதற்கு இந்தத் தலைவலி என்ற கணக்கு நியாயமானதுதான்.

கடைக்குப் போகும்போது இன்னொரு ஆபத்து காத்திருக்கும். "அதே சைஸ்தான் சார், அதே ஆம்பியர், ரெண்டாயிரம் கம்மி" என்று சாதாரண பேட்டரியை மாட்டிவிடுவார்கள். முதல் சில மாதம் எல்லாம் நன்றாகவே ஓடும். பிறகு ஸ்டார்ட்-ஸ்டாப் தானாகவே வேலை செய்வதை நிறுத்தும். சார்ஜ் போதவில்லை என்று சென்சார் சொல்லிவிட்டது என்று அர்த்தம். அதற்கும் பிறகு ஒரு நாள் காலையில் செல்ஃபே எடுக்காது. பட்டனை நிரந்தரமாக அழுத்தியே ஓட்டுகிறவர் சாதாரண பேட்டரி போட்டுச் சமாளிக்கலாம். ஆனால் சில கார்களில் பேட்டரி ரகம் மாறியதை மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் சார்ஜ் ஏற்றும் முறை தப்பாகிவிடும்.

எஞ்சின் தேய்மானம் பற்றிய பயத்தில் பெரிதாகச் சாரமில்லை. எஞ்சின் அதிகம் தேய்வது இரவெல்லாம் ஆறிக் கிடந்து காலையில் எழும்போது. சிக்னலில் அரை நிமிடம் நின்ற எஞ்சினில் ஆயில் இன்னும் பேரிங்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். தவிர, இந்தக் கார்களில் பேரிங்குகளுக்குத் தனிப் பூச்சு உண்டு, ஸ்டார்ட்டர் மோட்டாரையும் லட்சக்கணக்கான தடவை அடிக்கும் கணக்கில் செய்கிறார்கள். வெளியில் தனியாகக் கிட் வாங்கிப் பழைய காரில் மாட்டினால் அது வேறு கதை. அதை எந்த மெக்கானிக் பரிந்துரைத்தாலும் வேண்டாம்.

ஓட்டும்போது வரும் எரிச்சல் மட்டும் நிஜம். கவுன்ட்டவுன் மூன்றைத் தொடும்போதே பின்னால் ஹாரன் ஆரம்பித்துவிடும் ஊரில், எஞ்சின் எழ அரை நொடி ஆனாலும் நீளம்தான். கிளட்ச்சையும் கியரையும் தானே மாற்றிக்கொள்ளும் ஏ.எம்.டி. கியர் கார்களில் எஞ்சின் எழுந்து, கிளட்ச் பிடித்து, வண்டி நகர இன்னும் கொஞ்சம் தாமதம். மஸ்தா 2009இல் கொண்டுவந்த ஐ-ஸ்டாப்பில் பிஸ்டன்களைச் சரியான இடத்தில் நிறுத்தி வைத்து, நின்ற சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைத் தெளித்துப் பற்றவைத்து 0.35 நொடியில் எழுப்பினார்கள். எல்லா நிறுவனமும் அவ்வளவு மெனக்கெடுவதில்லை. ஊர்ந்து ஊர்ந்து போகும் நெரிசலில் நாலு நொடி நிற்பதற்கு அணைந்து எழுவதில் நஷ்டம்தான். அந்த நேரத்துக்கு மட்டும் பட்டனை அழுத்தலாம். ஆட்டோமேட்டிக் கார்கள் சிலவற்றில் பிரேக்கை மென்மையாகப் பிடித்தாலே அணையாது.

எங்கே நன்றாக வேலை செய்கிறது

மாருதி 2015இல் சியாஸில் கொண்டுவந்த எஸ்.எச்.வி.எஸ். போன்ற மைல்டு ஹைபிரிடுகளில் நிலைமை கொஞ்சம் மேல். அங்கே ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் ஒரே மோட்டார், பெல்ட்டால் எஞ்சினோடு இணைந்திருக்கும். அதனால் கரகரவென்ற செல்ஃப் சத்தமில்லாமல் எழும். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியில் கொஞ்சம் பேட்டரிக்குப் போகும். சாதாரண ஸ்டார்ட்-ஸ்டாப்பில் சிக்னலில் செலவான மின்சாரத்தை ஆல்டர்னேட்டர் பெரும்பாலும் பெட்ரோலை எரித்துத்தான் திரும்பக் கட்டுகிறது. இங்கே அதில் ஒரு பகுதி இனாம். மின்சார, ஹைபிரிட் வண்டிகளுக்கான மத்திய அரசின் ஃபேம் திட்ட மானியம்கூட இந்தக் கார்களுக்குக் கிடைத்தது. இதையெல்லாம் ஹைபிரிட் என்று சொல்வதா என்ற விமர்சனம் எழுந்து, 2017 ஏப்ரல் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். ஏசி கம்ப்ரசர் மட்டும் இங்கேயும் எஞ்சினை நம்பித்தான் இருக்கிறது.

டொயோட்டா ஹைரைடரின் ஸ்ட்ராங் ஹைபிரிட், ஹோண்டா சிட்டி இ:எச்.இ.வி. மாதிரிக் கார்களில் கம்ப்ரசரே மின்சாரத்தில் ஓடுகிறது. எஞ்சின் அணைந்தாலும் ஏசி ஓடும், கிளம்பும்போது மோட்டார் இழுக்கும். அணைந்ததும் தெரியாது, எழுந்ததும் தெரியாது. அந்தக் கார்களில் இதை அணைக்கப் பட்டன் தேவைப்படவில்லை.

ஆனால் என்னைக் கேட்டால் இந்தத் தொழில்நுட்பம் நம் ஊருக்கு மிகப் பொருத்தமாக இருப்பது காரில் அல்ல, டூவீலரில். ஹீரோ 2014இல் ஸ்பிளெண்டர் ஐஸ்மார்ட்டில் ஐ3எஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது. 2019இல் ஹோண்டா ஆக்டிவா 125. 2021இல் ஓசூர் டிவிஎஸ்ஸின் ஜூப்பிட்டரில் இன்டெலிகோ. ஸ்கூட்டரில் ஏசி இல்லை, பிரேக்குக்கு வெற்றிடம் வேண்டாம், கிளட்ச் இல்லை, சீட் பெல்ட் இல்லை. அணைக்காமல் இருக்கக் காரில் இருந்த காரணங்களில் முக்கால்வாசி இங்கே கிடையாது. ஜெனரேட்டரே ஸ்டார்ட்டராகவும் வேலை செய்வதால் சத்தமில்லாமல் எழும், ஆக்சிலரேட்டரை லேசாகத் திருகினால் போதும். ஒரு வண்டிக்கு மிச்சம் சில மில்லிதான். ஆனால் நம் சிக்னலில் நிற்கும் கூட்டத்தில் பெரும்பகுதி டூவீலர். முன்னால் நிற்கும் வண்டியின் புகையை நேராக மூக்கில் வாங்குகிறவர்களும் அவர்கள்தான், பிறகு அந்த நடுவில் நாள் முழுக்க நிற்கும் போக்குவரத்துக் காவலர்.

2020 அக்டோபரில் டெல்லி அரசு, சிவப்பு விளக்கு விழுந்தால் வண்டியை அணையுங்கள் என்று ஒரு பிரசாரமே நடத்தியது. அதை ஒவ்வொருவர் கையிலும் விடாமல் கருவியே செய்துவிடுவது நல்லதுதான். அதன் பலன் சாலைக்கும், நிறுவனத்தின் கஃபே கணக்குக்கும் போகிற அளவுக்கு உங்கள் சட்டைப் பைக்கு வராது என்று தெரிந்துகொண்டால் போதும்.

ஆகவே கார் வாங்கும்போது இதற்காக ஒரு பைசா கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. இருக்கிற காரில் இதை அணைத்தே வைப்பதிலும் அர்த்தமில்லை; பேட்டரிக்குக் கூடுதல் காசு ஏற்கெனவே போய்விட்டது, கிடைக்கிற இரண்டாயிரத்தையும் விடுவானேன். நீளமான சிக்னலில் அணையட்டும், ஊர்ந்து போகும் நெரிசலில் பட்டனை அழுத்துங்கள். பழைய கார் வாங்குகிறவர்கள் மட்டும் பானட்டைத் திறந்து பேட்டரி லேபிளில் ஈ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். என்று இருக்கிறதா பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் புது பேட்டரிக்கான தொகையை விலையில் குறைத்துக் கேட்கலாம்.